மாடல் எண் இல்லாத கேள்வி

ஒரு நாளைக்கு இருபது கேள்விகளையாவது பூட்டாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. கடையில் பழுதாகி வந்த ஃப்ரிட்ஜ்களுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மடியில் டிபன் பாக்ஸ், கையில் போன் என்று உட்காருவேன். வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்ப்பது பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம், தெரிந்தவர்கள் பதில் சொல்லலாம் என்று ஒரு இணையதளம். அதில் நான் மட்டுறுத்துநர். அங்கே என் பெயர் ‘குளிர்கை’. சம்பளம் கிடையாது, அதிகாரம் உண்டு. ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கை ஊரில் யார் மதிக்கிறார்கள்? அங்கே மதித்தார்கள்.

முக்கியமான விதிகள் இரண்டு. மாடல் எண் இல்லாமல் கேட்கக் கூடாது. ஏற்கெனவே கேட்டதைத் திரும்பக் கேட்கக் கூடாது. மீறினால் பூட்டிவிடுவேன். பூட்டிய கேள்விக்கு யாரும் பதில் எழுத முடியாது.

போன செவ்வாய்க்கிழமை ‘ஜன்னலோரம்’ என்ற புதுப் பெயரில் ஒரு கேள்வி வந்தது. ஃப்ரீஸரில் ஐஸ் பாறையாகக் கட்டிக்கொண்டது, கீழ்த்தட்டில் குளிர்ச்சி இல்லை, அம்மாவின் இன்சுலின் உள்ளே இருக்கிறது, ஐஸை எப்படி எடுப்பது என்று நான்கு வரி. மாடல் எண் இல்லை. “முதலில் தேடிப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். நூறு பேர் கேட்டாயிற்று” என்று எழுதி, பழைய கேள்வி ஒன்றின் இணைப்பைக் கொடுத்துப் பூட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இன்சுலின் என்ற சொல் என் கண்ணில் பட்டதா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

அரை மணி நேரத்தில் அதே கேள்வியைப் பெரியப்பா கேட்டார். சொந்தப் பெரியப்பா இல்லை. தளத்தின் மூத்த உறுப்பினர், எல்லோருக்கும் பெரியப்பா. “ஐஸ் மலை வளர்ந்துருச்சுடா குளிர்கை, ஏறிப் பாக்கவா?” என்று ஒரே வரி. அவருடைய கேள்வியிலும் மாடல் எண் இல்லை. பெரியப்பாவிடம் போய் மாடல் எண் கேட்டால் நன்றாகவா இருக்கும்? ஏறவேண்டாம், கயிறு இல்லை என்று கிண்டலடித்துவிட்டு, விளக்கமாகப் பதில் எழுதினேன். பிளக்கைப் பிடுங்குங்கள், கதவைத் திறந்து எட்டு மணி நேரம் விடுங்கள், கத்தியை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், ஐஸுக்குப் பின்னால் கேஸ் ஓடும் குழாய் இருக்கிறது. முப்பது பேர் விருப்பக்குறி போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. மூச்சு வாங்க ஏறிப்போனேன். கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். நூலகத்தில் வேலை பார்க்கிறாராம், இதற்காகவே விடுப்பு போட்டிருந்தார். சமையலறையில் ஃப்ரிட்ஜ் கதவு திறந்து கிடந்தது. ஃப்ரீஸருக்குள் டார்ச் அடித்ததுமே தெரிந்துவிட்டது. அலுமினியத் தகட்டில் கத்தி முனை அளவுக்கு ஒரு கீறல்.

“கத்தியால குத்தினீங்களாம்மா?”

“குத்தினேண்ணா. புஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சு.”

“இன்சுலின்?”

நான் ஏன் அதைக் கேட்டேன் என்று எனக்கே புரியவில்லை. அவரும் கவனிக்கவில்லை.

“வீட்ல இருந்தது வீணாப் போச்சு. புதுசு வாங்கி கீழ்வீட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன். ஒவ்வொரு ஊசிக்கும் அவங்க வீட்டு மணியை அடிக்கணும். அம்மாவுக்கு அது பெரிய மானக்கேடா இருக்கு.”

கீறலைத் தேய்த்துச் சுத்தம் செய்து பசை வைத்து அடைத்தேன். அது இறுகிய பிறகுதான் கேஸ் ஏற்ற முடியும் என்று அவருக்கு விளக்கிச் சொன்னேன். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். பேச்சோடு பேச்சாகப் போனை நீட்டினார்.

“குத்துறதுக்கு முன்னாடி கேட்டேண்ணா. பாருங்க, என்ன பதில் சொல்லியிருக்காங்கனு.”

பிறகு அவரே வாய்விட்டுப் படித்தார். “முதலில் தேடிப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.” நான் எழுதியபோது மிடுக்காகத் தெரிந்த வரி, அந்தச் சமையலறையில் வெறும் திமிராகக் கேட்டது.

“சரி, லிங்க் குடுத்திருக்காரேனு அதைத் தட்டிப் பாத்தேன். அதுவும் பூட்டின கேள்வி! அதையும் இவரேதான் பூட்டியிருக்காரு. பதிலே இல்ல. பூட்டுறதுக்கு முன்னாடி யாரோ கீழ ‘சுரண்டி எடுங்க’னு ஒரு வரி போட்டிருந்தாங்க. சுரண்டினேன்.”

அந்த இணைப்பைத் திறந்து பார்க்காமல்தான் கொடுத்திருந்தேன். தலைப்பு ஒத்துப்போனது, அது போதும் என்று நினைத்தேன்.

“யாரோ திமிர் பிடிச்சவன்மா. அப்படிச் சில பேரு இருக்கானுங்க.” இதைச் சொன்னதும் நான்தான். என் வாயாலேயே, கொஞ்சம்கூடக் கூசாமல். என்னைவிடக் கேவலமான ஆள் அந்த நிமிடத்தில் அந்தக் கட்டடத்தில் இருந்திருக்க முடியாது.

“திட்டினதுகூடப் பரவால்லண்ணா. நேத்துதான் இதைப் பாத்தேன்.” பெரியப்பாவின் பக்கத்தைக் காட்டினார். “அதே நாளு, அதே கேள்வி. இவரும் மாடல் நம்பர் போடல. இவருக்கு மட்டும் அதே ஆளு எவ்ளோ அழகா எழுதியிருக்காரு பாருங்க. கத்தியைக் கொண்டுபோகாதீங்கனு. அது எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா?”

நான் பசையைத் தொட்டுப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

“நூலகத்துல டாய்லெட் எங்கனு ஒரு நாளைக்கு முப்பது பேர் கேப்பாங்க. முன்னாடி வந்தவரே கேட்டாச்சுனு கதவைச் சாத்த முடியுமா?” என்று சிரித்தார். பிறகு, “நீங்க பொறுமையா சொல்றீங்க. உங்கள மாதிரி ஆளு அங்க இருக்கணும்ணா. நீங்களே அங்க ஒரு பதில் எழுதுங்களேன், அடுத்து வர்றவங்களுக்காவது உதவும். ஆனா என் கேள்வியைப் பூட்டிட்டாங்க. அவங்க யாராவது திறந்தாத்தான் உண்டு.”

உள்ளறையிலிருந்து அவருடைய அம்மா, “அந்தத் தம்பிக்கு டீ போட்டியாம்மா?” என்று குரல் கொடுத்தார். அந்தத் ‘தம்பி’தான் என்னை உடைத்தது.

வீட்டுக்குப் போய்ச் சத்தமில்லாமல் திறந்துவிடலாம், யாரோ திறந்ததாக இருக்கட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் திறப்பவர் பெயரும் சேர்ந்தே வரும். எப்போது திறந்தாலும் நான்தான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். கையெல்லாம் பசை. துடைத்துவிட்டு அவருடைய கேள்வியைத் தேடி, ‘மீண்டும் திற’ என்பதை அழுத்தினேன்.

அவர் கையிலிருந்த போன் ஒலித்தது. குனிந்து படித்தார்.

“உங்கள் கேள்வி திறக்கப்பட்டது. திறந்தவர், குளிர்...”

அதற்கு மேல் படிக்கவில்லை. என் போனைப் பார்த்தார். பிறகு என்னை.

“நான்தாம்மா” என்றேன். “தப்பு பண்ணிட்டேன்.”

அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். திட்டவில்லை. அடுப்பைப் பற்ற வைத்துப் பாலை ஏற்றினார். நான் பதிலை எழுதத் தொடங்கினேன். பிளக்கைப் பிடுங்குங்கள் என்று எழுதும்போதே எழுத்துகள் கலங்கின.

டீயை என் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் கேட்டார். குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை.

“மாடல் நம்பர் வேணுமாண்ணா?”