உள்ளே இறுகும் குழல்

பித்தளைக் குழலின் வாயில் வைத்ததும் இரும்புத் தண்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது. நான்கு விரற்கடை போனதும் நின்றுவிட்டது. சிவசைலம் அதை உருவித் துடைத்து, ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு மறுபடி இறக்கினார். அதே நான்கு விரற்கடை. உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி நின்றது.

குழலைத் திருப்பி மறுமுனையில் தண்டை வைத்தார். நுழையவே இல்லை.

வாய்ப்பக்கம் அகலம், அடிப்பக்கம் குறுகல் என்றுதான் அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத குறுகல். தலைமயிரில் பாதி கூட இருக்காது. ஆனால் பஞ்சாலைக் கொதிகலனுக்குத் தண்ணீர் தள்ளுகிற பம்பைக் கெடுக்க அது போதும். வெந்நீர் போகிற பம்பில் தோல் வளையம் போட்டால் நாலு நாளில் நைந்துவிடும். பித்தளையும் இரும்பும் ஒன்றையொன்று ஒட்டி உரசித்தான் தண்ணீரைத் தள்ள வேண்டும். தளர்ந்த இடத்தில் தண்ணீர் பின்னால் ஒழுகும், இறுகிய இடத்தில் தண்டு சிக்கும்.

இந்தப் பிசகு சிவசைலத்துக்குப் புதியதல்ல. பழைய லேத்தில், அந்தக் கடைசல் எந்திரத்தில், குடைந்த குழலெல்லாம் இப்படித்தான் வந்தது. அதில் தண்டு இரண்டு விரற்கடையிலேயே நின்றுவிடும். அதனால்தானே இந்தப் புதிய லேத்து வந்தது? சீமையிலிருந்து கப்பலில் தூத்துக்குடி வந்து, ரயிலேறி, எட்டுப் பேர் தோள்கொடுத்துப் பட்டறைக்குள் இறக்கி இன்னும் பத்து நாள் ஆகவில்லை. அதில் குடைந்த முதல் குழல் இது.

புதியதும் பழையது மாதிரியே வெட்டுகிறதென்றால், கூட்டாளி தாஜ் முகம்மது எதற்காக ரங்கோனுக்குப் போய்ச் செத்தான்?

வீரராகவபுரத்தில் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய சத்திரத்தின் சமையல்கட்டை வாடகைக்குப் பிடித்து இருவரும் பட்டறை போட்டது நான்கு வருஷத்துக்கு முன்பு. சிவசைலத்துக்குக் கைவேலை. மேலப்பாளையத்துத் தாஜுக்குச் சாமான் பார்த்து வாங்குகிற கண். தூத்துக்குடிச் சரக்குக் கிட்டங்கியில் இரண்டு லேத்துகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றதை சிவசைலம் இன்றும் மறக்கவில்லை. ஒன்று சீமைச் சாமான், இங்கிலாந்தில் செய்தது. லேத்தின் படுக்கை என்பது நீளவாட்டில் கிடக்கிற இரட்டை வாரை; அதன்மேல்தான் கத்தி ஏறிய வண்டி முன்னும் பின்னும் ஓடும். சீமை லேத்துக்கு அந்த வாரை யானைக்கால் கனம். சுழல்கிற அச்சுக்கு வெண்கலத் தாங்கி. கத்தியைத் தானே நகர்த்திக்கொண்டு போகிற நீளத் திருகு. மற்றது ஜெர்மன் சாமான். வாரை மெலிசு, தாங்கி வெறும் வார்ப்பிரும்பு, கத்தியைக் கையால்தான் நகர்த்த வேண்டும். விலை பாதிக்கும் கீழே.

தாஜ் இரண்டின் வாரையிலும் நகத்தால் கீறிப் பார்த்தான். அச்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். ஒரு கண்ணை இடுக்கி வாரையின் ஓரத்தோடு நெடுநேரம் பார்த்தான்.

"அது நல்லதுவே. ஆனா இது போதும். நாம என்ன ரயில் இஞ்சினா செய்யப்போறோம்? கையளவு பம்புக் குழல். அதுக்கு இது நேராத்தான் வெட்டும்." ஜெர்மன் லேத்தையே வாங்கினார்கள்.

நேராக வெட்டவில்லை. மூன்று குழல்கள் திரும்பி வந்தன. நாலாவது குழலைப் பஞ்சாலை மேஸ்திரியே கையில் தூக்கிக்கொண்டு வந்தபோது, சிவசைலம் அந்த ஆளின் முன்னாலேயே வெடித்தார்.

"சல்லிசாக் கிடைக்குதுன்னு பழைய இரும்புக்கடைச் சாமானைத் தூக்கிட்டு வந்துட்டீரு. என் கைக்கு உம்ம கண்ணாலே கெட்ட பேரு. உமக்கு லேத்தும் தெரியலே, ஒரு மண்ணும் தெரியலேவே."

தாஜ் குழலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தான். "நல்லதையே வாங்கிப்போடுவோம்வே" என்றான் கடைசியில். இரண்டு மாதம் கழித்து ரங்கோன் அரிசி ஆலையில் பிட்டர் வேலைக்குக் கப்பலேறினான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சீமை லேத்துக்கென்று பணம் அனுப்பிக்கொண்டிருந்தான். லேத்து தூத்துக்குடியில் வந்திறங்கிய வாரம் ரங்கோனிலிருந்து தந்தி வந்தது. விஷக் காய்ச்சல், மூன்றே நாள்.

சிவசைலம் குழலை மேசைமேல் வைத்தார். எங்கே பிசகு என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தார். குடைகிற கத்தி நீளமானது. அது வளைந்து கொடுக்கிறதோ? இருக்காது. குடையும்போது கத்தி வண்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற நீளம் மாறுவதில்லை. வளைந்தால் வாயிலும் அடியிலும் ஒரே அளவுதான் வளையும். குழல் சிறுத்துப்போகலாம், ஒரு பக்கம் மட்டும் குறுகாது. பித்தளை ஒரு பக்கம் கடினமோ? அடுத்த துண்டை முனை மாற்றிப் பிடித்துக் குடைந்தார். அப்போதும் லேத்தின் பிடியிலிருந்த அடிப்பக்கம்தான் குறுகியது. பித்தளைமேல் குற்றமில்லை. கத்தி வண்டியே வாய்ப்பக்கம் வெளியே விலகியும் அடிப்பக்கம் உள்ளே நெருங்கியும் ஓடுகிறது. யானைக்கால் கனமுள்ள வாரையின்மேல் ஓடுகிற வண்டி எப்படிக் கோணலாக ஓடும்?

அன்று மத்தியானம் நூகு வந்தான். தாஜின் மச்சினன், அவன் மனைவி அலிமா பீவியின் தம்பி. மேலப்பாளையத்தில் தறிச் சாமான் செப்பனிடுகிறவன். வாசலிலேயே நின்றான்.

"அண்ணாச்சி, அக்கா ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னா. மச்சான் வாங்கின பழைய லேத்து இங்கன சும்மாதானே கிடக்கு? உங்களுக்கு வேண்டாம்னா நான் எடுத்துக்கிடுதேன்."

"எடுத்துட்டுப் போய் என்ன செய்யப்போறே? அது கோணல்லா வெட்டுது."

"அதையும் கேக்கச் சொன்னா. மெய்யாலுமே அது மோசந்தானான்னு. மோசம்னா மோசம்னு சொல்லச் சொல்லுங்க, நான் மனசைத் தேத்திக்கிடுதேன்னா."

சிவசைலத்துக்கு அந்தக் கேள்வி சுள்ளென்றது. வாயால் சொல்லுவதைவிடக் காட்டிவிடுவது மேல் என்று பட்டது. பழைய லேத்து வடக்குச் சுவரோரம் தூசி படிந்து நின்றது. புதியது வந்ததும் அதைப் பெயர்த்து அங்கே தள்ளியிருந்தார்கள். தரையோடு இறுக்க முறுக்காணி ஒன்றும் போடவில்லை. வெறும் தரையில் நின்றது. மிச்சமிருந்த பித்தளைத் துண்டு ஒன்றை அதில் மாட்டினார்.

"மிதிடே. நீயே பாத்துக்கோ."

நூகு லேத்தைச் சுழற்றுகிற மிதிப்பலகையை மிதித்தான். லேத்து லேசாகக் குலுங்கியது. குலுக்கத்துக்குப் பயந்து சிவசைலம் கத்தியை மெல்ல மெல்ல இழைய விட்டார். குடைந்து முடித்துத் துடைத்து, தண்டை எடுத்து வாயில் வைத்தார்.

தண்டு இறங்கியது. இரண்டு விரற்கடை, நான்கு விரற்கடை, ஒரு சாண். மறுமுனையில் வெளியே வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. திருப்பி மறுமுனையில் வைத்தார். அங்கேயும் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. உள்மேனி கொஞ்சம் சொரசொரப்பு. ஆனால் நேர்.

"சரியாத்தானே போவுது, அண்ணாச்சி?" என்றான் நூகு.

சிவசைலம் கையில் குழலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு நானே வாறேன்னு அக்காகிட்டே சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

இரவெல்லாம் ஒரே கேள்வி. அன்று கோணலாக வெட்டிய லேத்து இன்று நேராக வெட்டுகிறது. லேத்து மாறவில்லை, கத்தியும் கையும் மாறவில்லை. என்ன மாறியது?

காலையில் பட்டறை கழுவ சந்தனமாரி வந்தாள். இரும்புப் பொடியைக் கூட்டித் தள்ளிவிட்டு ஒரு குடம் தண்ணீரை வீசி ஊற்றினாள். தண்ணீர் தரை முழுவதும் பரவித் தயங்கி நின்றது. புதிய லேத்தின் வடகிழக்குக் கால் பக்கம் மட்டும் சரசரவென்று வாய்க்கால் மாதிரி ஓடியது.

"அங்கன மட்டும் ஏன் தண்ணி இந்த ஓட்டம் ஓடுது?" என்றார் சிவசைலம்.

"ஓடாம? அது அங்கணம்லா? சத்திரத்துப் பாத்திரமெல்லாம் அங்கனதானே கழுவுவாவ. வரப்பை இடிச்சுப்போட்டு மிசினை நிறுத்திட்டா, பள்ளம் மேடாயிருமாக்கும்? நாலு வருசமாக் கழுவுதேன், நீங்க இன்னைக்குத்தான் தரையைப் பாக்குதிய."

இரண்டு லேத்தையும் அந்த இடத்தில் நிறுத்தியது சிவசைலம்தான். சன்னலோரம் வெளிச்சமாக இருக்கிறது, வடக்குச் சுவரோரம் போடுவோம் என்றான் தாஜ். பட்டறையில் கனமான பக்கம் கன்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் இவர். லேத்தின் கனமெல்லாம் துண்டைப் பிடித்துச் சுழற்றுகிற தலைப்பக்கம்; மறுமுனை வால்பக்கம். தலை தென்மேற்கு மூலையில் போய் நின்றால், சின்ன அறையில் வால்பக்கத்து முன்கால் அங்கணத்துச் சரிவில்தான் வந்து விழும். அந்தக் கால் தரையைத் தொடாமல் தொங்கியது. ஆடக்கூடாதே என்று, கல்லில் துளையிட்டு ஈயம் காய்ச்சி ஊற்றி, முறுக்காணி போட்டு, தன் உடம்பின் பாரம் முழுவதையும் முறுக்குச் சாவியில் போட்டு இறுக்கினார். சுற்றிலும் சுண்ணாம்பு பூசினார். பார்வைக்குக் கோயில் தூண் மாதிரி நின்றது.

இரும்பு நிற்கும், இல்லாவிட்டால் உடையும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். இரும்பு முறுகும் என்று நினைக்கவில்லை. ஒரு கால் குட்டையான கயிற்றுக் கட்டிலில் ஆள் உட்கார்ந்தால் நான்கு காலும் தரையில் படும். ஆனால் சட்டம் முறுகிக்கொள்ளும். லேத்தும் அப்படித்தான். தொங்குகிற முன்காலைக் கீழே இழுத்தால் வாரையின் வால்பக்கம் ஆள் நிற்கிற பக்கமாகச் சாய்கிறது. வாரையோடு வண்டி சாய்கிறது, வண்டியோடு கத்தி வெளியே விலகுகிறது. குழலின் வாய் இருப்பது வால்பக்கம். அதனால் வாய் அகலம். தலையை நெருங்க நெருங்கச் சாய்வு குறைகிறது, குழலும் குறுகுகிறது. மெலிந்த வாரை நிறைய முறுகியது. தண்டு இரண்டு விரற்கடையில் நின்றது. கனத்த வாரை கொஞ்சம் முறுகியது, நான்கில் நின்றது. விலை கூடிய நல்ல லேத்து செய்த உபகாரம் அந்த இரண்டு விரற்கடைதான்.

சுண்ணாம்பைக் கொத்தி எடுத்தார். சாவியைப் போட்டு அந்த ஒரு முறுக்காணியை மட்டும் தளர்த்தினார். டக்கென்று கால் மேலே எழும்பியது. அடியில் ஒரு காலணாக் காசை நுழைத்தார். நுழைந்தது.

"என்ன சாமி, அழுவுதிய?" என்றாள் சந்தனமாரி.

சாயங்காலம் ஆற்றுப் பாலம் தாண்டி, கொக்கிரகுளம் வழியாக மேலப்பாளையத்துக்கு நடந்தார். அலிமா பீவி இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவளை வேற்று ஆண்கள் பார்க்கக் கூடாத நாட்கள். நூகு முன்கட்டில் பாய் விரித்தான். உள்கதவில் ஒரு திரை. வளையல் கழற்றிய கையானதால், திரைக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. சிவசைலம் திரையைப் பார்த்துச் சொன்னார்.

"தங்கச்சி, அவரு வாங்கினது நல்ல லேத்து. அவரு சொன்ன வேலைக்கு அது போதும். கோணல் தரையிலேல்லா இருந்திச்சு, லேத்திலே இல்லே. அந்தத் தரையிலே இழுத்து முறுக்கினது நான்."

உள்ளேயிருந்து அலிமாவின் குரல் வந்தது.

"அப்ப அவுக ரங்கோனுக்குப் போயிருக்க வேண்டாம்லா, அண்ணாச்சி?"

வழியெல்லாம் எத்தனையோ வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார்.

"வேண்டாம்" என்றார்.

"கடைசிக் கடுதாசியிலயும் அதைத்தான் எழுதியிருந்தாக. நான் பாத்து எடுத்ததுலே எங்கன பிசகுனேன்னு இன்னும் பிடிபடலேன்னு. நோயிலே கிடந்துக்கிட்டு அதையா யோசிப்பாக?" உள்ளே தாள் மடிகிற சத்தம் கேட்டது. "நீங்க அன்னைக்கே குனிஞ்சு ஒரு பார்வை பாத்திருக்கலாம்."

"பாத்திருக்கலாம், தங்கச்சி."

நூகு பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான். வெளியே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு திரைக்குப் பின்னாலிருந்து அவளே சொன்னாள்.

"நூகு அதைக் கொண்டாந்து இங்கன நிறுத்தப்போறான். இன்னொரு தரம் யாரும் அதைக் குத்தம் சொல்லப்பிடாது. எப்படி நிறுத்தணும்னு அவன்கிட்டே விளங்கச் சொல்லிட்டுப் போங்க. நானும் கேட்டுக்கிடுதேன்."

சிவசைலம் நூகுவின் பக்கம் திரும்பினார். திரைக்கும் கேட்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"முதல்லே நாலு காலையும் முறுக்காம சும்மா நிறுத்து. ஒவ்வொரு காலுக்கடியிலும் ஒரு காகிதத்தைச் சொருகிப் பாரு. சொருக முடியாத கால் தரையிலே இருக்கு. காகிதம் போற கால் தொங்குது. தொங்குத காலை முறுக்கி இழுக்காதே. அந்த இடுக்கு எவ்வளவோ, அவ்வளவு கனத்துக்குத் தகடு வை. நாலு காலுக்கடியிலும் காகிதம் போகலேன்னு ஆனபிறகு பைய முறுக்கு. முறுக்கினபிறகு ஒரு குழலைக் குடைஞ்சு, ரெண்டு முனையிலயும் தண்டை விட்டுப் பாரு. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலப் போச்சுன்னா லேத்து நேரா நிக்குது."