கடைசிப் பதினான்கு குழாய்கள்

மாதா கோயில் கூரையைப் பிரித்துப் புதிதாகப் போடப் போகிறார்கள், அதற்கு முன்னால் பூசைக்கு வாசிக்கும் குழாய் ஆர்கனைக் கழற்றி எடுத்தாக வேண்டும் என்று பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து சொன்னார். அருள்ஜோசப் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சாமியாரின் பைக் தெருமுனை திரும்பிய பிறகுதான் மனைவியிடம் கேட்டார்.

"இன்னா சொன்னாரு?"

ரூபி முதலிலிருந்து எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னாள். காது மிஷின் வாங்கிய பிறகும் அவருக்கு மற்றவர்கள் பேச்சு பாதிதான் பிடிபடும். அவள் பேச்சு முழுசாகப் பிடிபடும்.

அருள்ஜோசப்புக்கு எழுபத்தாறு வயது. ஓசூர் சிப்காட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் மர அச்சு செய்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். இளவயதில் ஞாயிறுதோறும் பெங்களூருக்குப் பஸ் ஏறி, பழைய ஆர்கன் ரிப்பேர்காரர் ஒருவரிடம் தொழில் படித்தார். பிறகு ஷிஃப்ட் முடிந்து வந்து, வீட்டுக்குப் பின்னால் ஈயமும் வெள்ளீயமும் உருக்கித் தகடு ஊற்றி, அதைச் சுருட்டிக் குழாயாக்கி, ஐந்து வருஷத்தில் இந்தக் கோயிலுக்கு ஒரு ஆர்கன் செய்து வைத்தார். முந்நூற்றெழுபத்தெட்டு குழாய்கள். பென்சில் அளவுக் குழாயும் உண்டு, ஆளைவிட உயரமானதும் உண்டு. அதன் பிறகு இன்னும் மூன்று ஊர்க் கோயில்களுக்கும் செய்தார்.

அந்தக் குழாய்களுக்குச் சுருதி சேர்ப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் பெட்டிக்குள் ஏறிக் குழாய் குழாயாகத் தட்டித் திருத்த வேண்டும். இன்னொருவர் வெளியே உட்கார்ந்து அந்தந்தக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். நாற்பது வருஷமாக அந்த இன்னொருவர் ரூபிதான். அவளுக்கு ஒரு பாட்டுகூட வாசிக்கத் தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு கட்டை, அவ்வளவுதான் அவள் வாசிப்பு.

சாமியாரின் கவலை நியாயமானது. கழற்றிவிடலாம். திரும்ப எப்படிப் பூட்டுவது, இன்னும் முப்பது வருஷம் கழித்து யார் பார்த்துக்கொள்வது? எல்லாம் அருள்ஜோசப்பின் தலைக்குள் இருக்கிறது. வரைபடம் என்று இருந்தது பழுப்பேறிய நாலு தாள். எல்லாவற்றையும் அளந்து எழுதி ஒரு புத்தகமாக்கி வைக்க வேண்டும் என்றார்.

மாடி வீட்டில் குடியிருந்த சுவாதி அதற்கு முன்வந்தாள். சூளகிரியில் ஒரு கம்பெனியில் தரச் சோதனை வேலை. காலையிலிருந்து மாலை வரை அளப்பதுதான் பிழைப்பு. "லீவு நாள்லயும் அதையே பண்ணணுமா" என்று அவள் புருஷன் ஹரீஷ்குமார் கேட்டானாம். "இது பாடுற பீஸு, கம்பெனில பாடுமா?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மூவரும் உட்காருவார்கள். சுவாதி வெர்னியர் வைத்து அளப்பாள், போன் ஆப்பில் சுருதி பார்ப்பாள், லேப்டாப்பில் ஏற்றுவாள். ஒவ்வொரு குழாயைப் பற்றியும் அருள்ஜோசப் கதை சொல்லுவார்.

"இது எண்பத்திரெண்டுல ஊத்தினது. அன்னிக்கு நல்ல மழ."

"எண்பத்தி மூணுங்க," என்பாள் ரூபி. "நம்ம பொண்ணு டெல்சி கைக்கொழந்த அப்ப. மடியில போட்டுக்கிட்டுதான் நான் துருத்தி ஊதுனன்."

"மூணுன்னு எழுதிக்கோம்மா."

நாலாவது ஞாயிறு, மேல் வரிசையின் கடைசிக்கு வந்தார்கள். ரூபி கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். சுவாதி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"அங்கிள், கடைசி பதினாலு குழாய் மட்டும் சுருதி கொஞ்சம் ஏத்தமா காட்டுது. ஒண்ணு ரெண்டுன்னா பரவால்ல. பதினாலும் வரிசையா ஏறிக்கிட்டே போகுது."

"போன் தப்பா காட்டும்."

"ரெண்டு போன்லயும் பாத்துட்டன் அங்கிள்."

அருள்ஜோசப் கைத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். போன் தப்பில்லை என்று ரூபிக்குத் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஈஸ்டர் பாஸ்காவுக்குச் சுருதி சேர்க்கும்போது, கடைசிக் கட்டையை அழுத்தியிருந்தாள். குழாயில் தூசி அடைத்து வெறும் காற்றுதான் சீறியது. உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது: "சரி, முடிஞ்சுது." அவள் கையை எடுக்கவில்லை. பெட்டியின் முன்பலகை இடுக்கு வழியாக அவர் எட்டிப் பார்த்தார். அவள் மெல்லத் தலையை இடவலமாக அசைத்தாள். அவர் குழாயை எடுத்து ஊதிச் சுத்தம் செய்து வைத்தார். சத்தம் வந்தது. தட்டினார். அவள் மறுபடியும் இடவலமாக அசைத்தாள். இன்னும் கொஞ்சம் தட்டினார். அவள் மேலும் கீழுமாக ஆட்டிய பிறகுதான் நிறுத்தினார். அடுத்த முறையிலிருந்து, உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி முன்பலகை ஒன்றைக் கழற்றி வைத்துக்கொண்டார். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ரூபி வெளியே போனாள். மாதா சொரூபம் இருக்கும் கெபியின் படிக்கட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணும் சொல்லல," என்றாள்.

"நீ சொல்ல மாட்ட." அவள் பக்கம் திரும்பிக் கேட்டார்: "உனக்கு எப்பத் தெரியும்?"

"தூசி அடச்சிருந்துச்சே, அன்னிக்கே."

"பலகய நான் இன்னாத்துக்குக் கழட்டனன்னு நெனச்ச?"

"புழுக்கம்னீங்களே."

"அவ்ளோ பெரிய கோயிலுக்குள்ள இன்னா புழுக்கம். உன் மூஞ்சி தெரியணுமேன்னு கழட்டனன்."

ரூபி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு வேறொரு பயம் இருந்தது. "நான்தான் ஏத்தி வெச்சி உங்க ஆர்கனக் கெடுத்துட்டனா?"

அவர் கைத்தடியால் தரையைக் கீறினார். "போன கிறிஸ்துமஸுக்கு பெங்களூர்லேந்து ஒருத்தர் வந்து வாசிச்சாரு இல்ல? போறப்ப என் கையப் புடிச்சிக்கிட்டு, மேல இருக்கிற சத்தம் மணி மாதிரி இருக்கு, எப்படி வெச்சீங்கன்னு கேட்டாரு. நான் சிரிச்சிட்டு வந்துட்டன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"எப்படிச் சொல்றது? சொன்னா இதையும் சொல்லணும்." காதைத் தொட்டுக் காட்டினார்.

அவளுக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வந்தது சிரிப்புதான். போன கிறிஸ்துமஸிலிருந்து அவளுக்கு வந்த பாராட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். "எழுந்திருங்க, பாவம் அந்தப் பொண்ணு ஒண்டியா உக்காந்திருக்குது," என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

சுவாதி லேப்டாப்பை மூடாமல் காத்திருந்தாள். ஏதோ தவறாகக் கேட்டுவிட்டோம் என்ற முகம். "அங்கிள், டிராயிங்ல இருக்கிறத போடவா, இப்ப இருக்கிறத போடவா? எங்க கம்பெனில டிராயிங்குக்கு ஒத்து வரலன்னா பீஸ ரிஜெக்ட் பண்ணிடுவாங்க."

"இங்க டிராயிங்க ரிஜெக்ட் பண்ணிடு," என்றார் அருள்ஜோசப். "பதினாலும் இப்ப எப்படி இருக்குதோ அப்படியே எழுது. பின்னால வர்றவங்க தப்புன்னு நெனச்சி எறக்கிடக் கூடாது. சுருதி சேர்த்தவர்னு இருக்கிற எடத்துல பேரயும் பாத்து எழுதும்மா."

"உங்க பேருதானே?"

"இதுக்கு இல்ல. எனக்கு இந்தப் பதினாலும் காதுல விழறதே இல்ல. நாலு வருஷமா இவ பாத்து வெச்சதுதான். ரூபின்னு எழுது."

சுவாதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தட்டச்சு செய்தாள். ரூபி திரையை எட்டிப் பார்த்தாள். முந்நூறு வரிகளுக்கு மேல் அருள்ஜோசப் என்று ஓடிக்கொண்டிருந்த பட்டியலில் அவள் பெயர் பதினான்கு முறை வரிசையாக இருந்தது.

புத்தகத்தில் ஐந்து பிரதி எடுத்தார்கள். ஒன்று கோயில் அலமாரிக்கு, மூன்று மற்ற மூன்று கோயில்களுக்கு, ஒன்று கிறிஸ்துமஸுக்கு வந்து வாசித்த பெங்களூர்க்காரருக்கு. குழாய்களைத் துணியில் சுற்றி, எண் எழுதி, மரப்பெட்டிகளில் வைத்தார்கள். பத்து மாதம் கழித்துப் புதுக் கூரையின் கீழே திரும்பப் பூட்டினார்கள். ஒரு குழாய்கூட இடம் மாறவில்லை.

சுருதி சேர்க்கும் நாளில் பெட்டிக்குள் ஏறியது சுவாதியின் புருஷன் ஹரீஷ்குமார். ஃபிட்டர் வேலை பார்க்கிறவன், கை நடுங்காது. ரூபி கட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, "தட்டு, இன்னும் கொஞ்சம், போதும்" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அருள்ஜோசப் முதல் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசைக்கு வந்ததும் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"சரியா இருக்குது, அடுத்தது போ," என்றார்.

"உங்களுக்கு இன்னா தெரியும், சும்மா இருங்க," என்றாள் ரூபி, திரும்பிப் பார்க்காமலே. "தம்பி, இன்னும் ஒரு தட்டு."