கப்பல் ஏறாத வின்கோ

கப்பலைப் பார்த்தாலே வின்கோவுக்குக் குமட்டும். அவன் வேலை பார்ப்பது ஸ்ப்ளிட் நகரத்தில். மேய்க்கிற சர்வர்களோ கடல் தாண்டி விஸ் தீவில். அதற்காகவே அங்கே ஒரு கன்சோல் பெட்டியைப் பொருத்திவிட்டு வந்தான். இணையம் செத்தாலும் அதிலுள்ள சிம் கார்டு வழியாக உள்ளே நுழைந்து, ஒவ்வொரு சர்வரோடும் நேராகப் பேசலாம். அங்குள்ள எந்தப் பிளக்கின் மின்சாரத்தையும் இங்கிருந்தே நிறுத்தலாம், போடலாம்.

"இனிமே என் காலு கப்பல்ல படாது," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை ஒரு சர்வர் உறைந்துபோனது. வின்கோ காபியை உறிஞ்சியபடியே பெட்டிக்குள் நுழைந்து, சர்வரை அணைத்து மறுபடி போடுவதற்காக மூன்றாவது பிளக்கை நிறுத்தினான். திரை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன மகராசா, சர்வர் எழுந்திருச்சா?" என்றாள் பக்கத்து மேசை யாத்ராங்கா.

"பெட்டியே பேச மாட்டேங்குது."

"மூணாவதுல எதைச் செருகியிருந்தே?"

வின்கோவின் காதெல்லாம் சிவந்தது. "பெட்டியத்தான்."

"அட! தாலாட்டு பாடி நீயே தூங்க வெச்சுட்டியா? சரி, திரும்பக் கரண்ட்டு போடு."

"அதுக்கு... பெட்டிகிட்டதான் சொல்லணும்."

யாத்ராங்கா சிரித்து ஓய்வதற்குள் அவளுடைய காபி ஆறிவிட்டது. பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, குமட்டல் மாத்திரை அட்டை ஒன்றை அவன் முன்னால் வைத்தாள்.

"இத எப்ப வாங்கினே?"

"நீ பெட்டி வாங்கின அன்னிக்கே."