நூற்று இருபத்தேழாவது பெயர்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு ஓர் எண்ணிலிருந்துதான் கிடைத்தது. 127 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது:

170141183460469231731687303715884105727

முப்பத்தொன்பது இலக்கம். ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாத பகா எண். இதைத் தலைகீழாக ஒப்பிக்கும் பெண் ஒருத்தி பழவேற்காட்டில் இருந்தால் என்ன என்று நினைத்தேன். பூவிழி வந்துவிட்டாள்.

2

'ஏரியின் மேல் பொன்னிறமாய்ச் சூரியன்...' வேண்டாம், அடித்துவிட்டேன். பூவிழிக்கு அதைப் பார்க்க நேரமில்லை. பொன்னேரியில் கணிதம் படித்தவள், நைனா (அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்) ராஜவேலு இறந்த பிறகு அவர் படகை எடுத்துக்கொண்டாள். படகு இருந்தது, பாடு இல்லை.

(பாடு என்றால் முறை. ஏரியில் மூன்று இடம். பட்டியலில் உள்ள பெயர்கள் தினம் மூன்று பேராக, வரிசைப்படி: முதல் ஆளுக்கு மீன் கொழிக்கும் முகத்துவாரம், அடுத்தவருக்கு நடு ஏரி, மூன்றாமவருக்கு ஒன்றும் சிக்காத சேறு. பட்டியல் முடிந்தால் மறுபடி தலையிலிருந்து தொடரும்.)

மகன் இல்லையென்று நைனா பெயரை அடித்துவிட்டார்கள். 127 பெயர் 126 ஆயிற்று.

3

அன்றிலிருந்து ஊர்த்தலைவர் சகாதேவனுக்குச் சேறு தவிர வேறு வாய்க்கவில்லை. அம்மனுக்குக் கூழ் ஊற்றினார், வலையை மாற்றினார். 126 மூன்றால் வகுபடும், அதனால் ஒவ்வொரு சுற்றிலும் அவரவர் அதே இடத்தில்தான் வந்து நிற்பார்கள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. முகத்துவாரக்காரர்கள் அம்மன் அருள் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

(சகாதேவனைக் கெட்டவராக்கலாமா என்று ஒரு மதியம் முழுக்க யோசித்தேன். இல்லை, பாவம், விவரம் தெரியாதவர்.)

4

ஊர்க்கூட்டத்தில் பூவிழி ஏலக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டினாள். நைனா பெயர் இருந்தவரை ஒவ்வொரு சுற்றிலும் எல்லாரும் ஓரிடம் நகர்ந்தார்கள். அடித்த பிறகு நின்றுவிட்டார்கள்.

அப்படியானால் இன்னும் ஒருவரை எடுத்துவிட்டு 125 ஆக்கலாமே என்றார் சகாதேவன். ஆக்கலாம்தான். இந்த இடத்தில் அவளைப் பொய் சொல்லவைத்து ஒரு பக்கம் எழுதி, வெட்கப்பட்டுக் கிழித்துப்போட்டேன்.

"அதுவும் ஓடும் மாமா. நாளைக்கே எடம் அஞ்சாச்சுனா நின்னுபூடும். நூத்தி இருபத்தேழு பகா எண்ணு, ரெண்டோ மூணோ அஞ்சோ, எத்தினி எடம் வச்சாலும் அது நிக்காது. அது எங்க நைனா இருந்த எடம். அதுல எம்பேரை எழுதுங்க."

"பொம்பளைக்குப் பாடு குடுத்ததே இல்லியேம்மா."

"குடுக்காததாலதான் நீங்க சேத்துல நிக்கிறீங்க."

இதை எழுதியபோது என் நெஞ்சு நிமிர்ந்தது. பெற்றவன் நான் இல்லை, எழுதியவன் நான்.

5

முடிவு ஒன்று: சகாதேவன் உடனே... இல்லை. முடிவு இரண்டு: கூட்டம் கலைந்தது, அவள்... இதுவும் இல்லை.

பூவிழிக்கு மிகப் பெருமையான விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. இரண்டு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 3. மூன்று இரண்டுகளுக்கு 7. ஏழுக்கு 127. நூற்று இருபத்தேழுக்கு அந்த முப்பத்தொன்பது இலக்கம். அத்தனையும் பகா எண்கள். அதற்கு அடுத்து வருவதும் பகா எண்தானா? இன்றுவரை உலகத்தில் எவருக்கும் தெரியாது. அவ்வளவு பெரிய உலகமே தெரியாது என்று ஒத்துக்கொள்ளும்போது, இந்தக் கதையின் முடிவு தெரியாது என்று சொல்ல எனக்கென்ன?

பட்டியல் விரிந்துகிடக்கிறது. சகாதேவன் கையிலிருந்த பேனாவை வாங்கி உங்களிடம் தருகிறேன். அவள் நகராமல் நிற்கிறாள். எழுதாவிட்டால் அவருக்கு அடுத்த முறை எங்கே என்று உங்களுக்கே தெரியும்.

127. ....................