ரியாத்துக்குப் போன கல்யாணம்

கோபக்காரி என்று மருதமுனையில் எனக்குப் பெயர். சும்மா வந்த பெயரில்லை அது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை லெப்டொப்பைத் தூக்கிக் கிணற்றுக்குள் போடாமல் இருந்தேனே, அந்தப் பொறுமையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்லை.

என் பெயர் முனவ்வறா. நானும் எனக்கு மூத்தவளான ராத்தா முஸ்பிறாவும் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தை மட்டும் வீடியோ எடுக்கிறவர்கள். பொண்ணு உடுத்து, நகை போட்டு, தலைச்சீலை இல்லாமல் இருக்கிற படத்தை அந்நிய ஆண் பார்க்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. எடுக்கிறவளும் பெண்ணாக இருக்க வேண்டும், வெட்டி ஒட்டுகிறவளும் பெண்ணாக இருக்க வேண்டும். ராத்தா கெமரா பிடிப்பாள், நான் எடிட் பண்ணுவேன். கல்முனை, சாய்ந்தமருது, நற்பிட்டிமுனை என்று எங்கே போனாலும் தாய்மார் எங்கள் கையைப் பிடித்துச் சொல்வது ஒன்றுதான்: "புள்ள, ஆம்புளைக் கண் படப்படா." இன்றுவரை பட்டதில்லை.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை றிஸ்லாவுக்குக் கல்யாணம். அவளுடைய உம்மா ஸம்ஸியா மாமி ரியாத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறா. மகளுக்கு வீடு இருந்தால்தான் மாப்பிள்ளை வருவான். அந்த வீட்டைக் கட்டத்தான் மாமி ஆறு வருசத்துக்கு முன் விமானம் ஏறினா. வீடு எழும்பி, டைல்ஸ் பதித்து, மாப்பிள்ளையும் வந்தாயிற்று. மாமிக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. சனிக்கிழமை மாமி வேலை செய்கிற வீட்டு ஆட்கள் எல்லோரும் வீட்டில் நிற்கிற நாள், மாமியால் போனைத் தொடவே முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, அங்கே பதினொரு மணிக்கு, இங்கே ஒன்றரைக்கு, ஒரு மணித்தியாலம் மாமிக்குச் சொந்தம்.

"அந்த ஒரு மணித்தியாலத்துக்குள்ள எண்ட புள்ளட கல்யாணத்த எனக்குக் காட்டிருவியா முனவ்வறா?" என்று போன கிழமை போனில் கேட்டா.

"ஒண்டரைக்கு உங்கட கையில இரிக்கும் மாமி, இன்ஷா அல்லாஹ்," என்றேன். அதே படத்தைப் பின்னேரம் வலீமா விருந்து நடக்கிற ஹோலில் பெண்கள் பக்கத்துத் திரையிலும் போடுவதாகச் சொல்லியிருந்தேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

ஞாயிறு சுபஹு தொழுதுவிட்டு ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். எடுத்த படத்தின் முதல் துண்டை லெப்டொப்பில் ஓடவிட்டேன். ஓடவில்லை. திக்கியது. றிஸ்லா சிரிக்கத் தொடங்குவாள், சிரிப்பு முடிந்த பிறகுதான் பல் தெரியும். ஒரு இடத்தில் வெட்டலாம் என்று நிறுத்தினால் அந்த இடம் வருவதற்குள் நான் ஒரு கொட்டாவி விட்டுவிடலாம். லெப்டொப் மூச்சு வாங்கிச் சூடேறியது. அதில் திறந்திருந்த மற்ற எல்லாவற்றையும் மூடிப் பார்த்தேன். அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மேசைக் காற்றாடியை அதன் முதுகுக்கு நேரே வைத்தேன். ஏசினேன். நன்றாகவே ஏசினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அதுதான் என் கதை, ஆனால் அது அப்போது எனக்குத் தெரியாது.

எட்டரைக்கு ஒரு நிமிசப் படம்கூடச் சேரவில்லை. சந்தியில் ஸ்டூடியோ வைத்திருக்கிற, அண்ணன் முறையான இன்ஸாப் காக்காவுக்கு போன் போட்டேன். ஆண்கள் பக்கத்து வீடியோவெல்லாம் அவர்தான். அவரிடம் இருக்கிற மெசின் எங்கள் ஊரிலேயே பெரியது.

"பழைய லெப்டொப்ப வெச்சிக்கிட்டு புதுக் கெமராவோட மல்லுக் கட்டுறாய் தங்கச்சி," என்று சிரித்தார். "இஞ்ச கொண்டு வா. ரெண்டு மணித்தியாலத்துல முடிச்சித் தாறன்."

"அது பொண் பக்கம் காக்கா."

"நான் பாக்க மாட்டன். கண்ண மூடிட்டு எடிட் பண்ணுறன்."

"கண்ண மூடிட்டு எடிட் பண்ணுற ஆள இண்டைக்குத்தான் கேள்விப்படுறன். வைங்க போன!"

வைத்த பிறகு அழுகை வந்தது. இன்ஸாப் காக்கா நல்ல மனுசன்தான், கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் அவரிடம் கொண்டு போனால் வாக்குக் கெட்டது. கொண்டு போகாவிட்டால் ரியாத்தில் ஒரு தாய் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பா.

அந்த நேரம் பார்த்து ராத்தா தேத்தண்ணியோடு வந்தாள். ராத்தாவுக்குக் கதை சொல்லாவிட்டால் தேத்தண்ணி இறங்காது.

"உனக்குத் தெரியுமாடி, அவள் திரும்பி வந்திட்டாளாம்!"

"எவள்?"

"முந்தநாள் சொன்னனே, வளையல் கடைக்காரிட மச்சாள்."

"எந்த வளையல் கடைக்காரி?"

"அதுதான் போன கிழமை சொன்ன அந்தப் பிரச்சினையில வந்தவள்."

"எந்தப் பிரச்சினை ராத்தா? பெருநாளுக்கு முதல் இருந்து தொடங்கினாத்தான் உங்கட ஒரு வசனம் விளங்கும்! ஒவ்வொரு தரமும் முழுசாச் சொன்னா என்ன?"

சொல்லி வாய் மூடவில்லை, எனக்குப் பொறி தட்டியது.

புதுக் கெமரா வாங்கிய அன்று அதன் செட்டிங்கை வைத்தவள் நான்தான். எங்கள் ஊரில் எந்தக் கல்யாண வீடியோவும் கடைசியில் போய்ச் சேருவது கத்தாரிலும் ரியாத்திலும் இருக்கிற போன்களுக்கு. "பைல் பெரிசு, இறங்குதில்ல" என்று கேட்டுக் கேட்டு, எதையும் சின்னதாக்குவது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம். படத்தை மடித்து வைக்கிற முறைக்குக் கொடெக் என்று பெயர். கெமராவில் இருந்த கொடெக்குகளில் ஆகச் சின்னதாக மடிக்கிறதைத் தேடி வைத்தேன்: எச் 265. சின்ன பைல் என்றால் லெப்டொப்புக்கும் லேசு என்று என் மண்டை சொன்னது. அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.

அந்தக் கொடெக் படத்தைச் சின்னதாக்குவது எப்படி? ராத்தா கதை சொல்வது மாதிரித்தான். வீடியோவில் வரிசையாக ஓடுகிற தனித்தனிப் படங்களில் ஒன்றை மட்டும் முழுசாக வைக்கும். பிறகு வருகிற ஐம்பது அறுபது படத்துக்கும் "முந்தினதுதான், இது மட்டும் மாத்தம்" என்று குறிப்பு மட்டும் எழுதும். பார்க்கிறதுக்கு அது போதும், வரிசையாக ஓடிவிடும். வெட்டுகிறவளுக்கு நடுவில் ஒரு படம் வேண்டும். அதைக் காட்ட லெப்டொப் முந்தின கதையெல்லாம் தேடிப் போய்க் கூட்டிக் கூட்டி வர வேண்டும். பாவம், அதைப் போய் ஏசினேன்.

எனக்குத் தேவை ஒவ்வொரு படத்தையும் முழுசாகச் சொல்கிற கொடெக். இடம் கூடப் பிடிக்கும், பிடிக்கட்டும். அப்படி ஒன்று புரோரெஸ் என்று இருப்பது எனக்குத் தெரியும். பைல் பெரிதாகும் என்று பயந்து தொடாமல் வைத்திருந்தேன்.

ராத்தாவைக் கட்டிப் பிடித்தேன்.

"என்னடி, பேய் புடிச்சிட்டா?" என்றாள்.

"ஓம். கெமராவ எடுங்க, சுறுக்கா."

முழுவதையும் மாற்ற நேரமில்லை. கெமராவின் சின்னத் திரையில் படம் தடங்கலில்லாமல் ஓடியது. அதில் பார்த்து வேண்டிய துண்டுகளை நான் சொல்ல, ராத்தா கொப்பியில் நம்பர் எழுதினாள். முப்பத்தெட்டுத் துண்டு. ஒன்றை மட்டும் எடுத்து அரை நிமிசத்துக்குச் சோதனை பண்ணினேன். ஆசைப்பட்டு புரோரெஸ்ஸில் ஆக உயர்ந்த தரத்தைப் போட்டேன். திரும்பவும் திக்கியது! கையில் இருந்த கொப்பியை எறிந்தேன். ராத்தா எடுத்து வந்து தந்தாள்.

பிறகு நிதானமாகப் பார்த்தேன். இந்த முறை லெப்டொப் சூடேறவில்லை. மூச்சு வாங்கியது ஹார்ட் டிஸ்க். பைல் அவ்வளவு பெரிது, பழைய டிஸ்கால் அந்த வேகத்தில் அள்ளிக் கொடுக்க ஏலவில்லை. ஹோலில் திரை என்று கட்டுவது ஒரு வெள்ளைச் சீலை, அதற்கு என்னத்துக்கு இவ்வளவு தரம்? படத்தின் அளவைப் பாதியாக்கி, அதே புரோரெஸ்ஸில் லேசான வகையில் போட்டு ஓடவிட்டேன்.

ஓடியது. வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடியது. நிறுத்திய இடத்தில் நின்றது. பின்னால் இழுத்தால் பின்னால் வந்தது. றிஸ்லாவின் சிரிப்பும் பல்லும் ஒன்றாக வந்தன.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக் கோழிகள் மதிலேறின.

முப்பத்தெட்டும் மாறி முடியப் பதினொன்றரை. பிறகு என் கை நிற்கவில்லை. ஒரு நாள் முழுக்கக் குந்தியிருந்து செய்கிற வேலையை ஒன்றேகால் மணித்தியாலத்தில் செய்தேன். மருதோன்றிக் கை, உடுக்கிற இடம், பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து ஸலாம் கொடுக்கிற இடம், மாமி கட்டிய வீட்டு வாசலில் றிஸ்லா செருப்பைக் கழற்றி உள்ளே போகிற இடம். எல்லாம் சேர்ந்து ஒன்பது நிமிசம். முடிந்த படத்தைக் கடைசியில் நன்றாகச் சுருக்கினேன், இப்போது சுருக்குவதுதான் சரி. வட்ஸ்அப்பில் போட்டேன். ஒன்று இருபத்தாறுக்கு அனுப்பி, ஒன்று முப்பத்தொன்றுக்கு இரண்டு சரி அடையாளமும் விழுந்தது.

பிறகு நீலமானது, மாமி திறந்துவிட்டா.

நானும் ராத்தாவும் போனை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தோம். பத்து நிமிசம் போனது. இருபது போனது. ஒரு சொல் இல்லை. சோறு ஆறியது. படம் அங்கே ஓடவில்லையோ, அல்லது மாமிக்கு ஏதும் குறையாகப் பட்டதோ என்று, அனுப்பிய படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இரண்டு இருபதுக்குத்தான் குரல் வந்தது, மூக்கடைத்த குரல்.

"நாலு தரம் பாத்திட்டன் புள்ள. ஒரு இடத்திலயும் நிக்கல்ல. எண்ட புள்ள எவ்வளவு வளந்திட்டாள்..." பிறகு வெட்கப்படுகிற மாதிரி, "எல்லாரும் வந்து அவளுக்கு ஸலாம் சொல்றாங்க. அந்தப் படத்துல எனக்கும் ஒரு இடம் இரிக்கா முனவ்வறா?"

அதன் பின்னால் ஒரு வீடியோ வந்தது. நல்ல அபாயா உடுத்து, தலைச்சீலையைச் சரியாகப் போட்டு, சமைக்கிற குசினிச் சுவரோரம் நின்று மாமி தன்னைத்தானே எடுத்த இருபத்திரண்டு விநாடி.

காலையில் இதைக் கேட்டிருந்தால் ஏலா என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது ராத்தா என்னைப் பார்க்க, நான் அவளைப் பார்க்க, இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

"கேட்டீங்களா ராத்தா, அவ கட்டின வீட்டுக் கல்யாணத்துல இடம் இரிக்கா எண்டு கேக்குறா!"

போன் வீடியோவும் ராத்தா மாதிரிக் கதை சொல்கிற சாதிதான் என்பதால் முதலில் அதையும் புரோரெஸ் ஆக்கினேன். வந்தவர்கள் எல்லோரும் ஸலாம் கொடுத்து முடிந்து, றிஸ்லா தலையைத் தூக்கி வாசல் பக்கம் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு அடுத்ததாக மாமியை வைத்தேன். பத்து நிமிச வேலை. பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொல்லும்போது நாங்கள் ஓட்டோவில் ஹோலுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

பெண்கள் பக்கம் நிறைந்திருந்தது. வாசலில் போன்களை வாங்கி வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, படத்தைப் போட்டேன். றிஸ்லாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மருதோன்றிக்குச் சிரித்தார்கள், உடுக்கிற இடத்தில் மாஷா அல்லாஹ் சொன்னார்கள், தங்கள் தங்கள் முகம் வந்ததும் ஒருத்திக்கொருத்தி இடித்துக்கொண்டார்கள். திரையில் றிஸ்லா தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள்.

ஸம்ஸியா மாமி வந்தா. அந்த வெள்ளைச் சீலை நிறைய மாமியின் முகம்.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றா.

"வஅலைக்குமுஸ்ஸலாம்!"

இருநூறு பெண்கள் ஒரே வாயாகப் பதில் சொன்னார்கள். ஒருத்தரும் யோசித்துச் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்த ஆள் ஸலாம் சொன்னால் வாய் தானாகச் சொல்லுமே, அப்படி. பின்வரிசையில் இரண்டு பேர் உண்மையாகவே கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மகள்," என்றா மாமி, "உம்மா வந்திட்டன்."

எங்கள் பக்கத்தில் வலீமா அன்று பொண்ணு யாருக்கும் எழும்புவதில்லை. யார் வந்தாலும் இருந்தபடிதான் கை கொடுப்பாள். றிஸ்லா எழும்பினாள். அவ்வளவு நகையோடும் உடுப்போடும் எழும்பி, திரையைப் பார்த்து நேராக நின்றாள். அதைப் பார்த்து முன்வரிசை எழும்பியது, பிறகு அடுத்த வரிசை, பிறகு ஹோலே எழும்பியது. என் ராத்தா முஸ்பிறா முதல் குரவையைப் போட்டாள். நான் லெப்டொப்புக்குப் பக்கத்தில் நின்று, கோபக்காரி என்ற பெயரையெல்லாம் மறந்து, வாய்விட்டு அழுதேன்.