தாய்மாமன் கை

குருநாதனின் மீசை காதுமடலைத் தொட இன்னும் அரை விரற்கடைதான் பாக்கி.

"இன்னுங் கொஞ்சம் ஏத்து புள்ள," என்றார் அவர், யுவராணியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி. அவருடைய நிஜ மீசை உதட்டோரத்திலேயே களைத்துப் படுத்துவிடும் ரகம். யுவராணி திரையில் மீசை நுனிக்கு ஒரு புள்ளி வைத்து, புள்ளியிலிருந்து நீண்ட கோட்டை மவுஸால் பிடித்து இழுத்தாள். மீசை கிடாக்கொம்பு போல வளைந்து எழுந்தது.

"ஆங், இதுதான் நம்ம பரம்பரை."

கடலாடியில் காஜா நவாஸின் பிளெக்ஸ் கடையில் பரம்பரைகள் இப்படித்தான் உருவாயின. தேர்தலில் டெபாசிட்டைப் பறிகொடுத்தவர்கள் இங்கே சிங்கத்தோடு நடந்துவந்தார்கள். மற்ற கடைகளில் படத்திலுள்ள உருவத்தைச் சுற்றி எறும்பு மொய்த்தது போலப் புள்ளி வைத்து வெட்டுவார்கள், கோடு நொண்டும். யுவராணி நாலைந்து புள்ளியில் ஒரு தோளையே வளைத்துக் கொண்டுவந்துவிடுவாள். "நம்ம புள்ள வெட்டுனா பிசிறு இருக்காதுண்ணே," என்று நவாஸ் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

வெள்ளிக்கிழமை குருநாதனின் தங்கை மகன் தனுஷுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும், பேனரிலும் அப்படியே இருக்க வேண்டும். ஆனால் பிள்ளைக்கு மாமனைக் கண்டாலே அழுகை. தங்கை சத்யப்பிரியாவுக்கு ராமநாதபுரத்தில் ஆசிரியை வேலை. பிள்ளை வளர்ந்ததெல்லாம் அவர்கள் வீட்டிலும் வயலிலும் வேலை பார்க்கும் இராமலட்சுமியின் இடுப்பில். அவன் சிரிக்கும் ஒரே படத்திலும் அவள் மடியில்தான் இருந்தான். இராமலட்சுமி யுவராணியின் அம்மா.

"நீ இல்லாமயா? பேனர்ல நீயுந்தான் வருவ," என்று சத்யப்பிரியா சொல்லியிருந்தாள். மிளகாய்ப் பழம் எடுக்கப் போன இடத்திலெல்லாம் இராமலட்சுமி அதைச் சொல்லி முடித்துவிட்டாள். இன்று காலைகூட, "என்னைய ரொம்பக் கருப்பா போட்டுறாதத்தா," என்று மகளிடம் சொல்லித்தான் அனுப்பினாள்.

"புள்ளைய மட்டும் பிரிச்சு எம்மடியில வையி," என்றார் குருநாதன்.

"அம்மாவ ஓரமா, சின்னதா..."

"எதுக்கு?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"சத்யாக்கா சொன்னாக."

"அது பேச்சுக்குச் சொல்லியிருக்கும். பக்கத்துல வேலைக்காரி நின்னா மடி யாருதுன்னு ஊருக்குள்ள கேப்பானா மாட்டானா? உங்காத்தாளுக்குத்தான் சேலை எடுத்தாச்சுல்ல."

"சின்னப் படந்தானண்ணே," என்று நவாஸ் இழுத்தார். குருநாதன் திரும்பிப் பார்த்ததும், "முடிச்சு விட்டுரும்மா," என்றார்.

யுவராணி வெட்டினாள். கழுத்துக்கு ஒரு புள்ளி, தோளுக்கு ஒன்று. அந்தத் தோளின் சரிவு கண்ணை மூடினாலும் அவளுக்குத் தெரியும். கோடு ஓரிடத்திலும் தடுமாறவில்லை. ஒரு தட்டு. அம்மா போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். பிடிக்கக் கையில்லாத பிள்ளை, குருநாதனின் வேட்டிக்கு மேலே திருவிழா பலூன் போல மிதந்தது. வயிற்றில் அம்மாவின் கை இருந்த இடம் ஓட்டையாகத் தெரிந்தது. குருநாதன் தன் போனைத் துழாவினார். எல்லாப் படத்திலும் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"கும்புட்டுக்கிட்டே புள்ளைய எப்பிடிண்ணே புடிக்கிறது?" என்று கேட்டார் நவாஸ், முகத்தில் ஒரு குறும்பும் காட்டாமல்.

"எவன் கையவாச்சும் வையிய்யா! அதுவா முக்கியம்?"

யுவராணி போன அம்மாவைத் திரும்ப வரவழைத்து, கையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்தாள். கும்பிட்ட கைகளை நீக்கினாள். வெள்ளைச் சட்டைத் தோளிலிருந்து அம்மாவின் மணிக்கட்டு வரை ஒரே வளைவு. கண்ணாடி வளையல்களை எடுத்துவிட்டுத் தங்கக் காப்பு. அரிவாள் கிழித்த தழும்பைத் தேய்த்துச் சமன் செய்தாள். நிறத்தை ஏற்றினாள். விரலுக்கு ஒரு கல் மோதிரம். இத்தனை சுத்தமான வளைவை அவள் இதுவரை வரைந்ததில்லை. அதுவே அவளுக்குக் கசந்தது.

"அச்சு அசலா எங்கையி, பாய்!"

"மாஷா அல்லாஹ்," என்றார் நவாஸ், தலை நிமிராமல்.

வெள்ளிக்கிழமை காலை, தெருமுனையில் பேனர் ஏறியது. புதுச்சேலையோடு, கூட வேலை பார்க்கும் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள் இராமலட்சுமி. "நான் எங்கனத்தா இருக்கேன்?"

யுவராணியின் கண் பேனரில் அந்தக் கைக்குப் போனது. மேற்கேயிருந்து கச்சான் காற்று ஓங்கி அடித்தது. பேனரைத் தாங்கிய சவுக்குக் கம்புகள் ஆடின.

"காத்து போக ஓட்டை போடுங்கடா! மூஞ்சிய விட்டுட்டு வெட்டுங்க!" என்று கீழிருந்து கத்தினார் குருநாதன்.

ஏணியில் நின்றவன் கத்தியோடு இடம் தேடினான். எங்கு பார்த்தாலும் மாமன், மச்சான், பங்காளி முகங்கள். முகமில்லாத இடம் பிள்ளையின் வயிற்றருகேதான் இருந்தது.

"அண்ணே, அங்கன வேணாம்!" என்றாள் யுவராணி. ஒலிபெருக்கிப் பாட்டுச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. காப்புக்கும் மோதிரத்துக்கும் நடுவே பிறை வடிவில் கத்தி இறங்கியது. பிளெக்ஸ் துண்டு காற்றில் தூக்கித் தூக்கி விழுந்தது. தூக்கும்போதெல்லாம் உள்ளே கொஞ்சம் வானம் தெரிந்தது.

அதன் கீழே இராமலட்சுமி கண்ணுக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, மேல்வரிசை முகங்களை முடித்துவிட்டு அடுத்த வரிசைக்கு வந்துகொண்டிருந்தாள்.