நாற்பத்தாறு சென்ரிமீற்றர்

2022ஆம் ஆண்டு செப்டம்பர் பதின்மூன்றாம் திகதி, செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்கு ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் சுடப்பட்ட துப்பாக்கிச் சன்னம் இன்னும் போய்ச் சேரவில்லை. வாகனத் தரிப்பிடம் ஒன்றில் இரண்டு பேருக்கிடையே ஏதோ வாக்குவாதம். ஒருவன் சுட்டான், மற்றவன் குனிந்தான். இருவரையும் தெரியாத சுபேசன் என்ற இருபது வயதுக்காரன் இரண்டு பால் பெட்டிகளோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். அவனுடைய முதுகை நோக்கி வந்த சன்னம் நான்கு மீற்றர் தூரத்தில் வேகம் தணிந்து, நெஞ்சுயரத்தில் காற்றிலே நின்றது. நின்றது என்று பொலிஸ் அறிக்கையில் எழுதப்பட்டிருப்பது பிழை. அவனுடைய தாய் கமலேஸ்வரி மறுநாள் மாலை தையல் நாடாவால் அளந்தபோது மூன்று மீற்றர் தொண்ணூற்றொன்பது சென்ரிமீற்றர் இருந்தது. அதற்கடுத்த நாள் தொண்ணூற்றெட்டு. வயோதிபர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் பதினேழு வருடமாக வேலை செய்பவர் கமலேஸ்வரி. துணியானாலும் எதுவானாலும் எண்ணுவதில் தவறு விடமாட்டார். கோயில் கலண்டரில் நானூறு நாளை எண்ணி, அடுத்த வருடக் கலண்டர் வந்ததும் ஒக்ரோபர் பதினெட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

சுபேசன் திரும்பினால் சன்னமும் சுற்றி அவனுடைய முதுகுப் பக்கம் வந்தது. அவன் கதவைச் சாத்தினால் கதவில் சிறு துளையிட்டு உள்ளே வந்தது. கமலேஸ்வரி மகனுக்கும் சன்னத்துக்கும் இடையில் தோசைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். மறுநாள் காலை அதில் சின்னிவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். அந்த வீட்டுத் தோசைகளின் நடுவில் அன்றிலிருந்து ஒரு ஓட்டை உண்டு. லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் மாமன் வீட்டுக்கு அவனை அனுப்பிப் பார்த்தார்கள். விடிந்தபோது மாமனின் சமையலறையில், அதே தூரத்தில், அது இருந்தது. மாமன் இரண்டு நாள் பொறுத்து, மூன்றாம் நாள் ஒரு டப்பா ஆட்டிறைச்சிக் கறியோடு மருமகனை ரயிலேற்றிவிட்டார். T-பானா சுரங்க ரயிலில் சுபேசனுக்குப் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. ஒஸ்லோவில் அந்த மரியாதை சன்னம் இல்லாதவர்களுக்கும் கிடைப்பதுதான். அயலில் பெரிய பதற்றம் எதுவும் இல்லை. இரண்டாம் மாடி மரியரஞ்சனி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சன்னத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஊரிலை பறந்து வந்ததுக்கே நாங்கள் தப்பினனாங்கள். இது நடந்தெல்லோ வருது" என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

சுட்டவன் பிடிபடவில்லை. துப்பாக்கி ஒரு புதருக்குள் கிடைத்தது. ஓட்டப் போட்டிகளைத் தொடக்கிவைக்க வெறும் சத்தம் போடும் ஸ்டார்ட் துப்பாக்கி அது. யாரோ ஒரு பிற்பகல் வேலையாகத் துளையிட்டு உண்மையானதாக மாற்றியிருந்தார்கள். அதை வாங்குவதற்கு அன்று எந்த அனுமதியும் தேவைப்பட்டிருக்கவில்லை. ஆறாம் மாதம், சந்தேகநபர் இல்லை என்ற காரணத்தால் வழக்கு மூடப்பட்டதாக ஒரு கடிதம் வந்தது. கடிதத்தின் கடைசி வரி சுபேசனுக்கு நல்ல வசந்த காலத்தை வாழ்த்தியது. ஆயுதங்களைக் கேள்வி கேட்காமல் ஏற்கும் மன்னிப்புக் காலம் அப்போது நடந்துகொண்டிருந்ததால், கமலேஸ்வரி மகனைக் கூட்டிக்கொண்டு போய், இறந்தவர்களின் வேட்டைத் துப்பாக்கிகளோடு நின்றவர்களின் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றார். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். சன்னத்தைச் சுற்றி நடந்து பார்த்தார், குறட்டால் இழுத்தும் பார்த்தார். பிறகு, சுடப்படாத வெடிபொருளை மட்டுமே ஏற்க விதி இடம்கொடுக்கிறது, சுடப்பட்டது வெடிபொருள் அல்ல, சேதம் என்றார். சேதம் இன்னும் நடக்கவில்லையே என்று சுபேசன் கேட்டதற்கு, அப்படியென்றால் அது எதுவுமே இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார்.

அதன் பிறகுதான் டிலக்சி வந்தாள். ஸ்டோவ்னரில் பிறந்து, சட்டம் படித்து, மூன்று வருடமாக வழக்கறிஞராக இருப்பவள். கூலி கேட்கவில்லை. சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள்.

"அன்ரி, இது முடிஞ்ச குற்றமும் இல்லை, மூடினபடியா நடக்கிற வழக்கும் இல்லை. இடையிலை நிக்குது. சட்டத்திலை இடையிலை எண்டு ஒரு பரகிராஃப் இல்லை."

"இல்லாட்டி ஒண்டை எழுதன், பிள்ளை."

"எழுதலாம். ஆனா ஹோரிங்குக்குப் போகவேணும். நூறு இடத்துக்கு அனுப்பி எல்லாரிட்டையும் கருத்துக் கேப்பினம்."

"எவ்வளவு நாளாகும்?"

"கெதியாப் போனா மூண்டு வருசம்."

கமலேஸ்வரி கலண்டரைப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய் அரிசியைக் கழுவினார். "அப்ப இண்டைக்கே தொடங்கு" என்றார்.

டிலக்சி எழுதிய வரைவில் இரண்டு கோரிக்கைகள் இருந்தன. ஸ்டார்ட் துப்பாக்கிக்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும். சுடப்பட்ட சன்னம் எங்காவது போய் நிற்கும்வரை விற்றவனும் சுட்டவனும் அதற்குப் பொறுப்பு. கமலேஸ்வரி வேலை முடிந்து கையெழுத்து வாங்கத் திரிந்தார். லோறென்ஸ்கூக்கில் புதிதாக வீடு வாங்கியவர்கள் முதலில் சமையலறையைச் சுற்றிக் காட்டி, வெப்பமேறும் குளியலறைத் தரையில் அவரை நிற்க வைத்து, அதன் பின்பே கையெழுத்துப் போட்டார்கள். நாலாயிரத்து இருநூறு சேர்ந்தது. அமைச்சொன்று வரைவை அனுப்பிவைத்த நூற்று நான்கு நிறுவனங்களில் அறுபத்தொன்று, கருத்தெதுவும் இல்லை என்ற கருத்தை முத்திரையோடு தெரிவித்தன. துப்பாக்கிச்சூட்டு விளையாட்டுக் கழகம் ஒன்று, மெதுவான சன்னங்களை வேகமானவற்றோடு சேர்த்துப் பழிப்பது நியாயமல்ல என்று பதினான்கு பக்கம் எழுதியது. அப்போது தொண்ணூறு சென்ரிமீற்றர் இருந்தது. சுபேசன் தினமும் பண்டகசாலை வேலைக்குப் போய்வந்தான். அவனுக்குப் பயமில்லையா என்று கேட்டவர்களுக்கு, "தெரியேல்லை, பழகிட்டுது" என்றான். தாயிடம் எவரும் கேட்கவில்லை. அவர் நாடாவைச் சுருட்டி மேற்சட்டைப் பையில் வைத்திருப்பது தெரிந்ததால் இருக்கலாம்.

தமிழ்ச் சங்கம் இந்த விடயத்தில் சும்மா இருக்கவில்லை. தலைவர் பத்மநாதன் 'துப்பாக்கி வன்முறைக்கு எதிரான மாபெரும் விழிப்புணர்வு மாலை' ஒன்றை செப்டம்பர் இரண்டாம் திகதி சனிக்கிழமை ஐந்து மணிக்கு அறிவித்தார். சட்டமூலத்தை ஆராயும் குழுவிலிருந்த ஒரு நோர்வேஜிய அம்மையார் பிரதம விருந்தினர். அவர் மனம் வைத்தால் மூன்று வருடம் மூன்று வாரமாகச் சுருங்கும் என்று டிலக்சி கமலேஸ்வரியிடம் சொல்லியிருந்தாள். அம்மையார் நாலு ஐம்பத்தெட்டுக்கு வந்தார். மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்த சுபேசனும், அவனுடைய முதுகிலிருந்து நாற்பத்தாறு சென்ரிமீற்றரில் சன்னமும் மட்டுமே இருந்தார்கள். அம்மையார் நாற்பது நிமிடம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, இடம் தவறி வந்துவிட்டதாக நினைத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அழைப்பிதழில் ஐந்து என்றால் ஆறே முக்கால் என்று அவருக்கு எவரும் சொல்லி வைக்கவில்லை. தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் அது எவருக்கும் தோன்றவும் இல்லை.

ஆறு ஐம்பதுக்கு விளக்கேற்றி, அகவணக்கம் செலுத்தி, வரவேற்புரையும் ஆசியுரையும் தலைமையுரையும் முடிந்தபோது எட்டரை. பொன்னாடை உறையை விட்டு வெளியே வந்துவிட்டது. பெயர் வாசித்தாயிற்று, விருந்தினர் இல்லை. விரித்த பொன்னாடையைத் திரும்ப மடிப்பது சங்கத்தின் முப்பது வருட வரலாற்றில் நடந்ததில்லை. பத்மநாதன் மேடையை நோக்கினார். செயலாளருக்கும் பொருளாளருக்கும் ஏற்கெனவே போர்த்தாயிற்று. தனக்குத் தானே போர்த்துவது அவருக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. போர்த்தப்படாமல் மிஞ்சியிருந்தது, மேடையோரம் பூத்தட்டோடு நின்ற சுபேசனுக்குப் பின்னால் இருந்த சன்னம் ஒன்றுதான்.

"ஒரு வருசமா எங்கடை சமூகத்தோடை இருக்கிறார்தானே" என்று ஒலிவாங்கியில் சொல்லிவிட்டு, பத்மநாதன் சன்னத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். சபை பழக்கத்தில் கைதட்டியது.

முன்வரிசையிலிருந்து கமலேஸ்வரி எழுந்தார். "அண்ணை, என்ரை பிள்ளையைக் கொல்ல வந்ததுக்கோ போர்க்கிறியள்?" என்று கேட்டார். குரல் உயரவில்லை, சலவை இயந்திரம் நின்றுவிட்டது என்று சொல்கிற குரல்தான். பத்மநாதன் அடுத்ததாக நன்றியுரையை அழைத்தார்.

மறுநாள் மாலை அளந்தபோது நாற்பத்தாறு. திங்கள் நாற்பத்தாறு. புதன்கிழமை கமலேஸ்வரி நாடாவில் பிழையோ என்று பார்க்க மரியரஞ்சனியின் நாடாவை இரவல் வாங்கினார். நாற்பத்தாறு. இரும்பைத் துளைத்த சன்னம் எழுபது ரூபாய் விலைச்சீட்டோடு ஊரிலிருந்து வந்த சரிகைத் துணிக்கு ஏன் நின்றது என்பதைப் பொலிசாரால் விளக்க முடியவில்லை. பத்மநாதனுக்கு அதில் வியப்பு இல்லை. "பொன்னாடை போத்தினாப் பிறகு ஆர் எழும்பிப் போறவை?" என்றார். ஒக்ரோபர் பதினெட்டாம் திகதி சுபேசன் வேலைக்குப் போய், நாலே காலுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். கமலேஸ்வரி கலண்டரில் வட்டம் போட்ட தாளைக் கிழித்து மீள்சுழற்சிப் பெட்டியில் போட்டார்.

சட்டம் மூன்றாம் வருடம் நிறைவேறியது. ஸ்டார்ட் துப்பாக்கிக்கு அனுமதி வேண்டும், சன்னத்துக்குப் பொறுப்பு உண்டு. டிலக்சி எழுதியதில் ஏறக்குறைய எல்லாமே வந்திருந்தன. செய்தி சொல்ல வந்தவள் காலணியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அன்ரி, ஒண்டு சொல்லவேணும். புதுச் சட்டம் நடந்து முடிஞ்சதுக்குச் செல்லாது. பின்னோக்கிப் போகேலாதாம்."

"சன்னமும் பின்னுக்குப் போகேல்லைத்தானே" என்றார் கமலேஸ்வரி. "உள்ளுக்கு வா பிள்ளை, குளிர் வருது."

அடுத்த ஒரு வருடத்தில் ஸ்டோவ்னரில் எதுவும் சுடப்படவில்லை. அதை எவரும் கவனிக்கவில்லை. நடக்காத ஒன்றுக்கு விழா எடுக்கும் வழக்கம் சங்கத்தில் இல்லை. பால் வாங்கப் போன பிள்ளைகள் பாலோடு திரும்பி வந்தார்கள்.

பொன்னாடை நைந்துபோகும்போது கமலேஸ்வரி பழையதை எடுப்பதில்லை. அதன் மேலேயே புதியதைப் போர்த்தி, கைகூப்பி, இரண்டு வரி வாழ்த்தும் சொல்கிறார். வாழ்த்தில்லாமல் போர்த்தினால் துணி வழுக்கி விழுகிறது. இதுவரை பதினொன்று ஆகிவிட்டது. தலைவரை விட இரண்டு அதிகம் என்பதில் பத்மநாதனுக்கு ஒரு மனக்குறை. சன்னம் இப்போது ஒரு சிறு தலையணை அளவில், சரிகை பளபளக்க, சுபேசனுக்குப் பின்னால் நாற்பத்தாறு சென்ரிமீற்றரில் போய்வருகிறது. காலை ஏழு மணி T-பானாவில் அவன் நின்றுகொண்டுதான் போகிறான். கூட்டம் அதிகமான நாட்களில், கம்பி எட்டாதவர்கள் யாராவது அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அது அசைவதில்லை.